தொடாமல் அளக்கும் ஒளி

டிசம்பர் மாதத்தில் வாழவந்தியில் முதல் மணி அடிக்கும்போது பள்ளி வளாகத்தில் கொடிக்கம்பம் தெரியாது. சன்னலைத் திறந்தால் மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். சேலத்திலிருந்து மலையேறி வரும் பேருந்தை முதலில் நாங்கள் பார்ப்பதில்லை. அதன் முகப்பு விளக்கிலிருந்து கிளம்பும் இரண்டு வெள்ளைக் கற்றைகளைத்தான் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு 'ஒளியியல்' அலகில் ஒளிச்சிதறலைத் தொடங்க இதைவிட நல்ல கற்பித்தல் துணைக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படி ஒரு காலையில் டிண்டால் சிதறலை விளக்கிக்கொண்டிருந்தேன். பனித்துளிகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் கற்றையின் பாதை நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் போகிறவள். வகுப்பில் வாய் திறப்பதே அபூர்வம். "ஏங்க டீச்சர், பனி ஒளியை அடிச்சுத் திருப்புதுன்னா, ஒளியும் பனியை அடிக்கும்தானுங்களே?" என்று கேட்டாள்.

"ஒளிக்கு நிறை கிடையாதும்மா. அது எதையும் அசைக்காது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அந்தப் பதில் தவறு. பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த தவறு. அன்று மாலை பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலை எடுத்துப் பார்த்தேன். ஃபோட்டானுக்கு ஓய்வு நிறை இல்லை. ஆனால் ஆற்றலும் உந்தமும் உண்டு என்று தெளிவாக இருக்கிறது. உந்தம் இருக்கும் ஒன்று மோதினால் அதன் விளைவும் இருக்கும். பனித்துளி ஒளியோடு ஒப்பிட மிகப் பெரியது என்பதால் அந்த விளைவு நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் அந்த மாணவியிடம், "நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தவறு" என்று ஒப்புக்கொண்டேன். "அப்படின்னா ஒளி அடிச்சு ஏதாவது நகர்ந்ததை யாராவது பார்த்திருக்காங்களா?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கிடைத்தவற்றையும், அவற்றை வகுப்பறைச் செயல்பாடுகளாக மாற்றிய விதத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இராமனும் காம்ப்டனும்

ஒளி ஒரு துகளைப் போல மோதுகிறது என்பதற்கு உறுதியான சான்றைத் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன். 1923-இல் அவர் எக்ஸ் கதிர்களை எலக்ட்ரான்கள் மீது சிதறச் செய்தபோது, சிதறி வந்த கதிரின் அலைநீளம் கூடியிருந்தது. அதாவது கதிர் தன் ஆற்றலில் ஒரு பகுதியை எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தது. நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், கண்ணுறு ஒளியும் சிதறும்போது இவ்வாறு மாறக்கூடும் என்று எண்ணி, கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து திரவங்களில் தேடினார். 1928 பிப்ரவரி 28-இல் அறிவிக்கப்பட்ட அந்த விளைவைத்தான் நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இராமன் சிதறலைக் கற்பிக்கும்போது ஸ்டோக்ஸ் வரிகள், எதிர் ஸ்டோக்ஸ் வரிகள் என்று இரண்டைச் சொல்கிறோம். முதலாவதில் ஒளி ஆற்றலை இழக்கிறது. இரண்டாவதில் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெறுகிறது. இதே வரவு செலவுக் கணக்கை எலக்ட்ரானுக்கும் போடலாம். அமைதியாக இருக்கும் எலக்ட்ரான் மீது ஒளி மோதினால் ஒளி இழக்கும். ஆனால் எலக்ட்ரானே ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்ந்து வந்து ஒளியின் மீது மோதினால்? அப்போது ஒளிதான் பெறும். மெதுவாக வரும் பந்தை வேகமாக வீசிய மட்டை சந்தித்தால் பந்து எப்படிப் பறக்கும் என்பது நம் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே மட்டை எலக்ட்ரான், பந்து ஒளி. இந்த மோதலைத்தான் இன்று துகள் முடுக்கிகளில் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள்.

அளக்க வேண்டிய தேவை என்ன?

துகள் முடுக்கி என்றதும் வெளிநாடுதான் நினைவுக்கு வரும். நம் நாட்டிலும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் உள்ள இராஜா இராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் லேசர், முடுக்கி இரண்டையும் ஒரே வளாகத்தில் வளர்க்கும் நிறுவனம். அங்குள்ள இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு சுமார் 172.5 மீட்டர். 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் அதில் சுற்றுகின்றன. ஒளியின் வேகத்தை 172.5-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு நொடிக்கு 17 லட்சம் சுற்றுகளுக்கும் மேல். நம் பள்ளி மைதானத்தில் வரையும் 200 மீட்டர் ஓடுதளத்தைவிடச் சிறிய வளையம் அது.

இந்தக் கற்றையின் தடிமனும் வடிவமும் தெரிந்தாக வேண்டும். கற்றை தடித்துவிட்டால் கிடைக்கும் கதிர்வீச்சின் தரம் குறையும். விளிம்பு சிதறிச் சுவரில் பட்டால் கருவி பழுதாகும். எலக்ட்ரான் வளைந்து ஓடும்போது தானே ஒளியை உமிழ்வதால், இண்டஸ்-2-இல் அந்த ஒளியையே படம் பிடித்துக் கற்றையை ஆராய்கிறார்கள். ஆனால் நேர்க்கோட்டில் ஓடும் முடுக்கிகளிலும், எலக்ட்ரானைவிடக் கனமான துகள்களை முடுக்கும் இடங்களிலும் அந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. அங்கே பழைய முறை, கற்றையின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றை மெதுவாக நகர்த்துவது. கம்பியின் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை துகள்கள் மோதிச் சிதறுகின்றன என்று எண்ணி வரைபடம் போட்டால் கற்றையின் தடிமன் கிடைத்துவிடும்.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு மாணவன், "அந்தக் கம்பி எரிஞ்சு போகாதா டீச்சர்?" என்றான். போகும். கற்றை மிக மெல்லியதாகவும் செறிவாகவும் ஆக ஆக, கார்பன் இழைகூட அறுந்துபோகிறது. அப்போது கம்பிக்குப் பதிலாக அறுந்துபோகாத ஒன்று தேவைப்படுகிறது. அதுதான் கூர்மையாகக் குவிக்கப்பட்ட லேசர் ஒளி. 'லேசர் கம்பி' என்றே இந்த முறைக்குப் பெயர்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

ஒன்று, எலக்ட்ரான் கற்றை. லேசரைக் கற்றைக்குக் குறுக்கே செலுத்தி, மோதலில் ஆற்றல் பெற்றுக் கிளம்பும் ஃபோட்டான்களை எண்ணுகிறார்கள். நேருக்கு நேர் மோதலில் ஒளி எவ்வளவு ஆற்றல் பெறும் என்று மேல்நிலை மாணவர்கள் கணக்கிடலாம். இண்டஸ்-2 அளவு ஆற்றலை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். 2500-ஐ 0.511-ஆல் வகுத்தால் சுமார் 4890. ஒளியின் ஆற்றல் இந்த எண்ணின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு பெருகும். அதாவது 9 கோடி மடங்குக்கும் மேல். 1.17 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் போன அகச்சிவப்பு ஃபோட்டான், 10 கோடி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய காமாக் கதிராகத் திரும்பும். ஆகவே எது லேசர் ஒளி, எது மோதலில் பிறந்தது என்ற குழப்பமே வராது.

லேசரைக் குவிப்பதற்கும் எல்லை உண்டு. தன் அலைநீளத்தைவிட வெகு சிறியதாக ஒளியைக் குவிக்க முடியாது. ஜப்பானிய அறிவியலாளர் சுமோரு ஷிண்டாகே இதற்கு வழி கண்டார். இரண்டு லேசர்க் கற்றைகளைக் குறுக்கிடச் செய்து, குறுக்கீட்டு விளைவால் ஒளி, இருள் என்று மாறி மாறி வரும் வரிகளை உருவாக்கி, அந்த வரிகளின் ஊடே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினார். கற்றை மெல்லியதாக இருந்தால் ஒளிவரியில் அதிகமாகவும் இருள்வரியில் குறைவாகவும் காமாக் கதிர் வரும். தடித்ததாக இருந்தால் இந்த வேறுபாடு மங்கிவிடும். 1990-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் சுமார் 70 நானோமீட்டர் உயரமுள்ள கற்றையை இப்படி அளந்தார்கள். நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் குறுக்கீட்டு விளைவுக்கு இவ்வளவு கூரான பயன்பாடு வேறு அதிகம் இல்லை.

இரண்டு, ஹைட்ரஜன் எதிர்மின் அயனிக் கற்றை. ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரானை நீக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை என்பது நம் மாணவர்களுக்கு மனப்பாடம். கூடுதலாக ஓர் எலக்ட்ரான் ஒட்டிக்கொண்ட எதிர்மின் அயனியில், அந்த இரண்டாவது எலக்ட்ரானை நீக்கச் சுமார் 0.75 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஒற்றை லேசர் ஃபோட்டானே அதைத் தட்டி எடுத்துவிடும். பிரிந்த எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தால் ஒதுக்கிச் சேகரித்து எண்ணினால் கற்றையின் வடிவம் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள நியூட்ரான் மூலத்தில் இம்முறை பயன்பாட்டில் உள்ளது. அங்கே கம்பியை விட்டு லேசருக்கு மாறியதற்கு ஒரு காரணம் உண்டு: மீக்கடத்து முடுக்கிக் குழிகளுக்குள் அறுந்த கம்பியின் துகள் விழுந்தால் அந்தக் குழியே மாசுபட்டுக் கெடும். சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் உருவாகிவரும் புதிய நேர்க்கோட்டு முடுக்கியிலும் லேசர் கம்பி இடம்பெறுகிறது. அதன் உருவாக்கத்தில் நம் அணுசக்தித் துறையின் ஆய்வகங்கள் பங்கேற்கின்றன.

மூன்று, மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் சுமார் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எலக்ட்ரான் வளையம் ஒன்று 1989 முதல் 2000 வரை இயங்கியது. கற்றையின் மீது லேசரைச் செலுத்தி, சிதறும் ஃபோட்டான்களைக் கொண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எந்தப் பக்கம் ஒருங்கியுள்ளது என்று பார்த்தார்கள். அதைப் பயன்படுத்திக் கற்றையின் ஆற்றலை மிக நுட்பமாக அளந்தபோது, ஆற்றல் நாளின் சில நேரங்களில் கூடியும் குறைந்தும் வந்தது. காரணம் நிலவு! கடல் பொங்குவதுபோலவே நிலத்தின் மேலோடும் நிலவின் ஈர்ப்பால் சற்றே உயர்ந்து தாழ்கிறது. அதனால் 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு சுமார் ஒரு மில்லிமீட்டர் மாறியது. 1992 நவம்பரில் இதற்கென்றே அளவீடு செய்து உறுதிப்படுத்தினார்கள். அருகிலுள்ள ஜெனிவா ஏரியின் நீர்மட்டமும், பிரான்சின் அதிவேக மின்ரயிலிலிருந்து நிலத்தில் கசியும் மின்னோட்டமும்கூடக் கற்றையைப் பாதித்தன. "நம்ம ஏரி நிரம்பினா மலையும் அமுங்குமா டீச்சர்?" என்று கேட்ட மாணவனுக்கு, "மிக மிகச் சிறிய அளவில், ஆம்" என்று சொல்ல முடிந்தது.

செயல்பாடு 1: தலைமுடியின் தடிமன்

தேவை: சிவப்பு லேசர் சுட்டி, தலைமுடி, பழைய அட்டை, அளவுகோல், வெள்ளைச் சுவர்.

அட்டையில் சிறு சன்னல் வெட்டி, அதன் நடுவே முடியை இழுத்து ஒட்டுங்கள். லேசரை முடியின் மீது செலுத்தினால் 3 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் ஒளிப்புள்ளிகளும் இருள் இடைவெளிகளும் வரிசையாக விழும். இது விளிம்பு விளைவு. மையத்துக்கு ஒரே பக்கமாக, முதல் இருள் புள்ளியிலிருந்து ஆறாவது இருள் புள்ளி வரை அளந்து 5-ஆல் வகுத்தால் இடைவெளி கிடைக்கும்.

தடிமன் = அலைநீளம் × தூரம் ÷ இடைவெளி

எங்கள் வகுப்பில் ஒரு குழு 13 செ.மீ. அளந்தது, இடைவெளி 2.6 செ.மீ. அலைநீளம் 650 நானோமீட்டர் எனக் கொண்டால் தடிமன் 75 மைக்ரோமீட்டர். முடி மெலிந்தால் இடைவெளி கூடுமா குறையுமா என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு வெவ்வேறு முடிகளை வைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் தவறாக ஊகிப்பார்கள். கற்றல் அங்கேதான் தொடங்குகிறது.

செயல்பாடு 2: வகுப்பறை 'லேசர் கம்பி'

தேவை: பெரிய அட்டைப்பெட்டி, கறுப்புத்தாள், ஊதுபத்தி, லேசர் சுட்டி, அளவுகோல்.

பெட்டியின் உட்புறம் கறுப்புத்தாள் ஒட்டுங்கள். பார்ப்பதற்கு மேற்பக்கம் ஒரு திறப்பு, லேசர் நுழைய ஒரு பக்கம் நீளமான பிளவு, எதிர்ப்பக்கம் கறுப்புத்தாள் தடுப்பு. நடுவில் ஊதுபத்தியைப் பொருத்துங்கள். மேலெழும் புகைத்தூண்தான் நமது துகள் கற்றை. சுட்டியை அளவுகோலின் மீது வைத்து 2 மி.மீ. இடைவெளியில் நகர்த்துங்கள். புகையில் ஒளி சிதறும் பொலிவுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் தரவேண்டும். புகை அசையும் என்பதால் ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். உண்மையான முடுக்கியிலும் கற்றை நடுங்கத்தான் செய்கிறது, அங்கும் சராசரிதான்.

எங்களுக்குக் கிடைத்தவை, முழு எண்ணாக்கிய பின்: 0, 2, 4, 6, 8, 10, 12, 14, 16 மி.மீ. நிலைகளில் முறையே 0, 0, 1, 2, 4, 3, 1, 0, 0. வரைபடம் மணி வடிவில் வந்தது. உச்சம் 4, அதில் பாதி 2. வளைகோடு 2-ஐத் தொடும் இடங்கள் 6 மி.மீ., 11 மி.மீ. ஆகவே பாதி உயரத்தில் அகலம் 5 மி.மீ. புகையை யாரும் தொடவில்லை; ஆனால் அதன் தடிமன் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: லேசர்க் கற்றையே 2 மி.மீ. அகலம் என்றால், நாம் அளந்தது புகையின் அகலம் மட்டும்தானா? இல்லை, லேசரின் அகலமும் கலந்திருக்கிறது. அளவுகோல் அளக்கப்படும் பொருளைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ஷிண்டாகேயின் ஒளி, இருள் வரிகளுக்கு ஏன் தேவை வந்தது என்பதும் அப்போது புரியும்.

பாதுகாப்பு

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வேறொரு பள்ளியில், திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசரை ஒரு மாணவன் விளையாட்டாக நண்பனின் கண்ணில் அடித்துவிட்டான். அந்தப் பிள்ளை சில நாட்கள் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பார்வை திரும்பிவிட்டது, ஆனால் அந்த நாட்களில் நான் தூங்கவில்லை.

ஆகவே: ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாத, அதற்கான குறிப்பு உறையில் அச்சிடப்பட்ட சிவப்புச் சுட்டியையே பயன்படுத்துங்கள். குறிப்பு இல்லாத மலிவான பச்சைச் சுட்டிகள் வேண்டாம். சுட்டியை இயக்குவது ஆசிரியர் மட்டுமே. உட்கார்ந்தாலும் நின்றாலும் மாணவர்களின் கண்மட்டத்தில் கற்றை வராதபடி மேசையில் நிலையாகப் பொருத்துங்கள். கண்ணாடி, கைக்கடிகாரம், எவர்சில்வர் பாத்திரம் போன்ற பளபளப்பான பொருட்களைக் கற்றையின் பாதையிலிருந்து அகற்றுங்கள். கற்றை எப்போதும் சுவரிலோ கறுப்புத்தாளிலோ முடிய வேண்டும்.

மாணவர் கேள்விகள் இரண்டு

'லேசர் பட்டால் அந்தத் துகள் கற்றை கெட்டுவிடாதா?' கோடிக்கணக்கான துகள்களில் மிகச் சொற்பமானவையே ஒளியோடு மோதுகின்றன. மற்றவை எதுவும் நடக்காததுபோலத் தம் வழியே போய்விடும். அதனால் முடுக்கியை நிறுத்தாமலேயே அளக்கலாம்.

'நம்ம சுட்டியை வைத்து அளக்க முடியாதா?' நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் 1240-ஐ வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 1240 ÷ 650 = 1.9. ஹைட்ரஜன் எதிர்மின் அயனியிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 0.75 போதும், ஆகவே ஆற்றலில் நம் சுட்டியின் ஃபோட்டானுக்குக் குறையில்லை. குறைவது எண்ணிக்கை. மோதல் அபூர்வம் என்பதால், நொடியின் நூறுகோடியில் சில பங்கு நேரத்துக்குள் ஏராளமான ஃபோட்டான்களைக் கொட்டும் துடிப்பு லேசர் அங்கே தேவைப்படுகிறது. ஒளிமின் விளைவில் 'செறிவு வேறு, அதிர்வெண் வேறு' என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

வகுப்புக்கேற்ப

தொடக்க வகுப்புகளில் சன்னல் வழியே விழும் வெயில்கற்றையில் தூசி மிதப்பதைக் காட்டி, 'கற்றை எப்படித் தெரிகிறது?' என்று பேச வைத்தாலே போதும். ஆறாம் வகுப்பு 'அளவீடுகள்' பாடத்தில், தொடாமல் அளக்கக்கூடியவற்றைப் பட்டியலிடச் சொல்லலாம். பத்தாம் வகுப்பில் செயல்பாடு 2. மேல்நிலையில் செயல்பாடு 1-உடன் மேலுள்ள இரண்டு கணக்குகள். மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு வினா போதும்: 'கம்பிக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் நன்மை ஒன்றையும், வரும் சிக்கல் ஒன்றையும் எழுதுக.'

அந்த மாணவி இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியில் புகைப்பெட்டியை எடுத்துக்கொண்டு நின்றாள். பார்வையாளர் ஒருவர், "இதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். "நம்ம ஊர்ல பனி இருக்குதுங்க, அதுலதான் கண்டுபிடிச்சேன்" என்றாள். ஒளி எதையும் அசைக்காது என்று சொல்லி நான் உட்கார வைத்த பிள்ளை அவள். நம் வகுப்பில் எழும் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியாதபோது, 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லி, நாளை கட்டாயம் சொல்லிவிடுவோம்.